ஏகாம்பரத்தின் கை

தம்பி, இந்தப் பையை மட்டும் மேல தூக்கி வச்சிடுங்க. கனமில்ல, ஒரு கோட்டு, ஒரு ஜோடி சப்பாத்து, அவ்வளவுதான். போன வாரம் குளியலறையில வழுக்கி விழுந்தேன், வலது தோள்பட்டை போச்சு, கை இடுப்புக்கு மேல ஏற மாட்டேங்குது. ஆங், அப்படித்தான். இப்ப நீங்க உள்ள தள்ளி ஜன்னலோரமா உக்காருங்க, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். என் வலது பக்கம் இருந்தாத்தான் நீங்க பேசுறது எனக்குக் கேக்கும். இடது காது சும்மா அழகுக்கு.

என்னைத் தெரியலையா? நல்லாப் பாருங்க. சரி விடுங்க, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி. வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட கேளுங்க, ஏகாம்பரத்தோட ஒரே பஸ்ஸுல வந்தேன்னு. ஸ்டாப்பர் ஏகாம்பரம், கோச் ஏகாம்பரம், எப்படிக் கேட்டாலும் தெரியும். இல்லைன்னா 'அஞ்சு விரல்'னு சொல்லுங்க. உங்கப்பா சிரிச்சிடுவாரு. சிரிக்கலைன்னா அவரு காற்பந்தே பாத்ததில்லைன்னு அர்த்தம்.

இன்னிக்கி ராத்திரி எனக்குப் பாராட்டு விழா. அதுக்குத்தான் போறேன். பெரிய மண்டபம், டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுசன் ஒருத்தர்தான் நடத்தறாரு, டிவிக்காரங்க வர்றாங்க. கார் அனுப்பறேன்னாங்க, நான்தான் வேணாம்னுட்டேன். இல்ல, பொய் சொல்லக் கூடாது, அனுப்பறேன்னு சொன்னாங்க, அனுப்பல.

அந்த அஞ்சு விரல் கதையைச் சொல்றேன் கேளுங்க. தாப்பாவுலதானே இறங்கறீங்க? அது வரைக்கும் உங்களுக்கு என்ன வேலை?

நான் ரப்பர் தோட்டத்துல பொறந்தவன். எங்க தோட்டத்துல கிராணி ஒருத்தர் இருந்தாரு, குஞ்ஞிராமன்னு மலையாளத்துக்காரரு. ஆபீஸ்ல கணக்கு எழுதறது, சாயங்காலம் எங்களுக்குப் பந்து சொல்லிக் குடுக்கறது. எனக்கு மீசை அரும்பற வயசு. பக்கத்துத் தோட்டத்தோட இறுதி ஆட்டம். அவனுங்க லாரி லாரியா ஆள் கொண்டு வந்துட்டானுங்க, தப்பு அடிச்சிக்கிட்டு, கள்ளு குடிச்சிக்கிட்டு. "அந்த ஒல்லிப் பயலோட காலை ஒடிங்கடா"ன்னு கத்தறானுங்க. ஒல்லிப் பயல் நான்தான். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கால்சட்டையிலயே போயிட்டேன்.

குஞ்ஞிராமன் சார் வந்தாரு. விட்டாரு பாருங்க ஒண்ணு, இந்த இடது காதோட சேத்து. கூன்னு ஒரு சத்தம். அப்புறம் அமைதி. தப்பு சத்தம் இல்ல, கத்தறது இல்ல, ஒண்ணுமே இல்ல. அப்படி ஒரு அமைதிய நான் அதுக்கு முன்ன அனுபவிச்சதே இல்ல தம்பி. திடலுக்குள்ள போனேன். ஒரு பந்து என்னைத் தாண்டல. அப்பத்தான் சார் எனக்கு விளக்கினாரு. மனுசனுக்குப் பயம் காது வழியாத்தான் உள்ள வருதாம். காதுல ஒண்ணு குடுத்தா அது வெளிய ஓடிடுமாம். எந்த டாக்டர் சொல்வான் இதை?

அதுக்கப்புறம் பெரிய ஆட்டம்னா எனக்கு ஒரு அறை வேணும். நாட்டுக்கு ஆட எடுத்தாங்க, குஞ்ஞிராமன் சார் அங்க வர முடியாதே. கோல்கீப்பர் ஆ லியோங்கிட்ட கேட்டேன். சாதுவான சீனப் பையன், ஞாயிறானா சர்ச்சுக்குப் போறவன். "மாட்டேன் ஏகா, பாவம்"னான். ரங்கூன்ல ஆட்டம், எனக்குக் கை கால் ஓடல, கெஞ்சினேன். கண்ணை மூடிக்கிட்டு அடிச்சான். அன்னிக்கி பர்மாக்காரன் ஒரு கோல் போடல. பேங்காக்ல அடிச்சான், ஜகார்த்தாவுல அடிச்சான். பழகிடுச்சு அவனுக்கு. கடைசியில ஆட்டமே இல்லாத நாள்ல கூட, ஹோட்டல்ல பசியாறிக்கிட்டு இருந்தப்ப வந்து ஒண்ணு விட்டுட்டுப் போனான். கேட்டா, "சும்மா"ன்னான்.

காதா? அது ஸ்டேடியம் சத்தத்துல போச்சு தம்பி. அவ்வளவு ஜனம் கத்தினா யாருக்குத்தான் போகாது?

சரி, கோச் ஆன கதைக்கு வர்றேன். எங்க மாநிலக் குழு அப்ப பட்டியல்ல கடைசி. கோச்சுங்க வர்றானுங்க, ஓடறானுங்க. என்னைக் கூப்பிட்டாங்க. நான் போனப்ப கூடவே என் தங்கச்சி மவன் பூபாலனையும் கூட்டிக்கிட்டுப் போனேன். தங்கச்சி அஞ்சலை, சின்ன வயசுலயே புருசனை இழந்தவ. "அண்ணே, இவனுக்கு நீதான் அப்பா, நீதான் எல்லாம்"னு கையைப் புடிச்சிக் குடுத்தா. பையன் ஓடினா பாக்கணும். வலது ஓரத்துல பந்தை எடுத்தான்னா எதிராளி திரும்பறதுக்குள்ள கொடிக் கம்பத்துக்கிட்ட நிப்பான். என் காலத்துல அப்படி ஒருத்தனை நான் தடுத்திருக்க முடியுமான்னு கேட்டா, முடியும், ஆனா கஷ்டம்.

ஒரே ஒரு குறை. பயம். ஆட்டத்துக்கு முன்ன வாந்தி எடுப்பான். முதல் ஆட்டம், உள்ள போற வழியில நிக்கிறோம், வெளிய ஜனம் கத்துது, இவன் செவுத்தைப் புடிச்சிக்கிட்டு நடுங்கறான். எனக்கு என் கால்சட்டை ஞாபகம் வந்துச்சு. மனசு இளகிப் போச்சு தம்பி. அந்தப் பிரியத்துலதான் அடிச்சேன். என் கை அப்ப எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க? பையன் சுருண்டு விழுந்தான். எழுந்தான். போய் ரெண்டு கோல் போட்டான்.

அதை எவனோ பேப்பர்காரன் படம் புடிச்சிட்டான். அவன் கன்னத்துல என் அஞ்சு விரலும் அச்சடிச்ச மாதிரி பதிஞ்சிருக்கு. மறுநாள் பேப்பர்ல அரைப் பக்கம். அடுத்த ஆட்டத்துக்கு ஜனம் அதைப் பாக்கவே வந்துச்சு. உள்ள அடிச்சா எப்படித் தெரியும்? வெளிய கூட்டிட்டு வா, வெளிய கூட்டிட்டு வான்னு சத்தம். திடல் கோட்டுக்கிட்ட நிக்க வச்சேன். சத்து, டுவா, தீகான்னு மலாய்ல ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவாங்க, முழு ஸ்டேடியமும் ஒரே குரல்ல. மலாய்க்காரன், சீனன், நம்மாளு, எல்லாரும் சேந்து. தீகாங்கறப்ப என் கை விழணும். இந்த நாட்டுல வேற எதுக்கு எல்லாரும் ஒண்ணா எண்ணியிருக்காங்க, சொல்லுங்க?

மத்த பையனுங்களையா? சேச்சே, அவங்களை எப்படி அடிக்கறது? மலாய்ப் பையனோட அப்பா போலீஸ் அதிகாரி. சீனப் பையனோட அப்பாதான் குழுவுக்கே பஸ் விடறவரு. கைய வச்சா என் வேலை போயிடும். சொந்த ரத்தத்தைத்தானே தம்பி உரிமையோட அடிக்க முடியும்? பூபாலன் ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டான். எண்ண ஆரம்பிச்சதும் தானே வந்து நிப்பான், கையைக் கட்டிக்கிட்டு.

ஜெயிச்சோம். எல்லாரையும் ஜெயிச்சோம். அந்த வருசம் நான் ஒட்டுக்கடையில காசு குடுத்து தே தண்ணி குடிச்சதே இல்ல.

ஆனா பாருங்க, புகழ் வந்ததும் பூபாலனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு. பயிற்சியில நான் கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். "டேய் பூபாலா, உள்ள வா, உள்ள வா"ன்னு தொண்டை கிழியக் கத்தறேன், அவன் பாட்டுக்கு ஓரமாவே போறான். நேரா எதிர்ல போய் நின்னா, "என்ன மாமா?"ன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி கேப்பான். மாமனையே மதிக்கலைன்னா வேற யாரை மதிப்பான்? மத்தவனுங்க வீட்டுக்குப் போனப்புறம் திடலைச் சுத்தி ஓட விட்டேன். திமிர் இறங்கல. அதனால ஆட்டத்தன்னிக்கிக் கையில கொஞ்சம் கூடவே வேகம் வச்சேன். ஜனத்துக்கும் அது புடிச்சிருந்துச்சு.

அஞ்சலை ஒரு நாள் வந்தா. "அண்ணே, பூபாலு தலகாணியில ரத்தமும் சீழுமா இருக்குண்ணே. ராத்திரி காதுக்குள்ள விசில் அடிக்குதுன்னு எழுந்து உக்காந்துக்கறான். ஒரு நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோமாண்ணே?"ன்னா. இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள்கூட இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல பேப்பர்காரன் பாத்தான்னா என்ன ஆகும்? "ஆட்டம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் பஞ்சு வை"ன்னேன். அவ அழுதா. பொம்பளைங்களுக்கு இறுதி ஆட்டம்னா என்னன்னு தெரியாது தம்பி.

பஞ்சை நான்தான் எடுத்தேன், ஆட்டத்துக்கு முன்ன. படத்துல அசிங்கமா இருக்கும்ல? அன்னிக்கி அரங்கம் நிறைஞ்சு வெளியிலயும் ஜனம். சுல்தான் வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க. சத்து, டுவா, தீகா. என் வாழ்க்கையிலயே அப்படி ஒரு அறை விட்டதில்ல. என் கையே மரத்துப் போச்சு. பையன் என்னைப் பாத்துச் சிரிச்சான், வாயெல்லாம் ஒரு மாதிரி கோணிக்கிட்டு.

ஆட்டம் முடிய கொஞ்ச நேரம். ஒண்ணுக்கு ஒண்ணு. பூபாலன் வலது ஓரத்துல பந்தை வாங்கினான். வலது ஓரத்துல ஆடறவனுக்கு முழுத் திடலும் இடது பக்கம்தானே? அங்கிருந்து எதிராளி ஒருத்தன் கரும்பூதம் மாதிரி ஓடி வர்றான். நான் கத்தறேன். மத்த பத்து பேரும் கத்தறானுங்க. "ஆள் வருது, ஆள் வருது"ன்னு ஸ்டேடியமே கத்துது. இவன் திரும்பல தம்பி! ஏதோ கோயில் குளத்துல நிக்கிறவன் மாதிரி, பந்தை நிறுத்தி, நிதானமா தலையைத் தூக்கறான். வந்தவன் மொழங்காலுக்குக் கீழ ஒரு உதை விட்டான். எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்கங்க. அந்தப் பந்தையே எடுத்துட்டுப் போய் கோல் போட்டானுங்க. போச்சு.

அவனுக்குக் கால் போச்சு, எனக்குக் கோப்பை போச்சு. கால் ஒருத்தனோடது. கோப்பை ஒரு மாநிலத்தோடது. இதைச் சொன்னா அஞ்சலைக்குக் கோவம். நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன் என்னைப் பாப்பான்? அவனுக்குச் சங்கடம் குடுக்க வேணாம்னு விட்டுட்டேன். ஆனா மறக்கல. கால் விந்துற ஆளுக்கு எவன் வேலை குடுப்பான்? நான் ஒரு வார்த்தை சொல்லி, பள்ளிக்கூடத்துல ஜாகா வேலை வாங்கிக் குடுத்தேன். கேட்டைத் திறக்கறது, மூடறது. இத்தனை வருசமா அதுலதான் சாப்பிடறான். இதை நான் யார்கிட்டயும் சொல்லிக்கறதில்ல.

இப்ப இந்த விழா. டத்தோ போன்ல சொன்னாரு, "கோச், ஜனங்களுக்கு அந்த அறையை மறுபடி பாக்கணும். மேடையில பூபாலனை நிறுத்துங்க, நாங்க எண்ணறோம், நீங்க சும்மா லேசா ஒண்ணு வைங்க." எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு தம்பி. ரங்கூனைப் பத்திப் பேசுவாங்கன்னு நினைச்சேன். பேங்காக்ல நான் கோல் கோட்டுல படுத்துத் தடுத்தேனே, அதைப் பேசுவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தனுக்கும் ஞாபகமில்ல. அறைதான் ஞாபகம் இருக்கு. "பூபாலன் வரலைன்னா?"ன்னேன். "அப்ப விழாவைத் தள்ளி வச்சிக்கலாம் கோச்"னாரு. எனக்கு வயசு எழுபத்தஞ்சு. தள்ளி வச்சா எங்க வைப்பாங்க, சுடுகாட்டுலயா?

அதனால தட்டுல பழம் வெத்தலை எல்லாம் வச்சி நானே அவன் வீட்டுக்குப் போனேன். மாமன் நான், வலிய போறேன். கதவைத் திறந்தான். முடி நரைச்சிப் போச்சு. பாத்ததும் இடது கன்னத்தைத் தோளோட ஒட்டிக்கிட்டான். இன்னும் பழக்கம் விடல பாருங்க. நாற்காலியில உக்காந்தேன், அவன் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து என் இடது பக்கமா போட்டான். நான் ரகசியமா பேசணும்னு எழுந்து அந்தப் பக்கம் போனேன், மறுபடியும் சுத்தி வந்தான். ரெண்டு பேரும் கோழி மாதிரி சுத்திக்கிட்டு இருக்கோம். எனக்குக் கோவம் வந்துடுச்சு.

அவன் பொஞ்சாதி கோமளா சமையக்கட்டுலேர்ந்து வந்தா. லேட்டாத்தான் கல்யாணம் அவனுக்கு, யாரு குடுப்பா? அவ சொல்றா, "பெரியவரே, அவருக்கு அந்தக் காது சுத்தமா கேக்காது. நீங்க அடிச்ச காது. டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. அன்னிக்கி இறுதி ஆட்டத்துல நீங்க கத்துனது எதுவுமே அவருக்குக் கேக்கல."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு தம்பி.

பின்ன? என்கிட்ட மறைச்சிருக்கான்! ஒரு காது கேக்காதவனை வச்சிக்கிட்டு நான் இறுதி ஆட்டம் ஆடியிருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இடது ஓரத்துக்கு மாத்தியிருப்பேன், திடல் பூரா அவனுக்கு நல்ல காதுப் பக்கம் வந்திருக்கும், கோப்பை இன்னிக்கி நம்ம வீட்டுல இருக்கும். இத்தனை வருசமா நான் தூக்கம் இல்லாம அந்தக் கோலை நினைச்சிக்கிட்டு இருக்கேன், காரணம் இவன் வாயத் திறக்காதது! சொன்னேன், அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். "எனக்கும்தான்டா ஒரு காது கேக்கல. நான் நாட்டுக்கு ஆடலையா?"ன்னேன். கோமளா முந்தானையை வாயில அடைச்சிக்கிட்டு உள்ள போயிட்டா.

அப்புறம் விழா விசயத்தைச் சொன்னேன். பழத்தட்டை எடுத்து என் பக்கமே நகத்தி வச்சான். நான் மெதுவா கேட்டேன், "ஜாகா வேலை எல்லாம் எப்படிப் போகுது? பெரிய வாத்தியாரு என்னைக் கண்டா இன்னும் எழுந்து நிப்பாரு, தெரியும்ல?" அவ்வளவுதான் கேட்டேன். சும்மா நலம் விசாரிச்சேன்.

"வர்றேன் மாமா"ன்னான்.

அப்ப உள்ளேர்ந்து ஒரு பொட்டப் புள்ள, ஆறு வயசு இருக்கும், "அப்பா"ன்னு கூப்பிட்டா. மெல்லிசு குரல். எனக்குக் கேட்டும் கேக்காம இருக்கு, இவன் டக்குனு திரும்பிட்டான். ஆட்டத்துல அப்படித் திரும்பியிருக்கலாம்னு நினைச்சிக்கிட்டேன். அப்புறம் என்கிட்ட வந்து சொல்றான், "மாமா, எவ்வளவு பலமா வேணும்னாலும் அடிங்க. ஆனா எப்பவும் அடிக்கிற பக்கமே அடிங்க. வலது பக்கம் மட்டும் கை பட்டுடக் கூடாது. அந்தக் காதுக்குள்ளயும் இப்ப விசில் அடிக்க ஆரம்பிச்சிருக்கு. லேசா ஒண்ணு பட்டாலே போயிடும்னு டாக்டர் சொல்றாரு. பாப்பா கூப்பிடறது அதுலதான் கேக்குது மாமா."

எனக்குச் சிரிப்பு. "டேய் மடையா, எதிர்ல நிக்கிறவனை வலது கையால அடிச்சா இடது கன்னத்துலதானடா விழும்? இத்தனை அறை வாங்கினவனுக்கு இது தெரியாதா?"ன்னேன். சத்தியம் பண்ணுங்கன்னான். பண்ணினேன். இதே வலது கையை அவன் கை மேல வச்சிப் பண்ணினேன். கண்ணுல தண்ணியோட கும்பிட்டான். நல்ல பையன்தான் தம்பி, திமிர் மட்டும் இல்லைன்னா.

அங்கேர்ந்து வந்த மறுநாள்தான் நான் குளியலறையில விழுந்தேன். பாருங்க கெட்ட நேரத்தை. டாக்டர் ஊசி போட்டாரு, எண்ணெய் தேச்சோம், கை அசையல. என் மவ சொல்றா, "விழாவை வேணாம்னு சொல்லிடுங்கப்பா"ன்னு. சொல்வேனா? டத்தோகிட்ட மூச்சு விடல. இடது கை சும்மாத்தானே இருக்கு? ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் தலகாணியைச் செவுத்துல சாத்தி வச்சிப் பழகினேன். மொதல்ல சரியா விழல. அப்புறம் விழ ஆரம்பிச்சுது பாருங்க! வலது கையாவது வருசக்கணக்கா உழைச்ச கை. இது புதுசு, உள்ள இருந்த பலமெல்லாம் அப்படியே இருக்கு. முந்தாநேத்து தலகாணி கிழிஞ்சி பஞ்சு கொட்டுது. லேசா வைங்கன்னு டத்தோ சொன்னாரு, அது எப்படி? ஜனம் மூணு எண்ணிட்டு ஒண்ணும் கேக்கலைன்னா மானம் போயிடும். மேடையில மைக் வேற வைக்கிறாங்க, பூபாலன் சட்டையிலயே.

என்ன தம்பி, எழுந்துட்டீங்க? ஓ, தாப்பா வந்துடுச்சா. பாத்து, என் காலைத் தாண்டி இந்தப் பக்கம் வாங்க, கையை இடிச்சிடாதீங்க.

என்ன சொல்றீங்க? வாய் அசையுது, ஒண்ணும் விளங்கல. இந்தப் பக்கம் நின்னு பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்? ஏன் உங்க கன்னத்தைக் காட்டறீங்க? சரி சரி, பஸ்காரன் ஹாரன் அடிக்கப் போறான், இறங்குங்க. நாளைக்குப் பேப்பர்ல படம் வரும், பாருங்க.